கப்பல் பாட்டு

எங்கள் வீட்டு ஷோகேஸில் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு எல்.பி. ரிக்கார்டு இருக்கிறது. தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மைக்கும், அக்கா பள்ளிக்கூடத்தில் கோலப் போட்டிக்கு வாங்கிய கப்புக்கும் நடுவில். இன்றுவரை அது ஒரு தடவைகூடப் பாடியதில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். எங்கள் வீட்டில் ரிக்கார்டு பிளேயர் கிடையாது!

ஊர் ஆம்பூர். பேரைச் சொன்னதும் உங்களுக்கு பிரியாணியும் கத்தரிக்காய் தொக்கும் ஞாபகம் வந்திருக்கும். வரட்டும். ஆனால், காற்று திசை மாறி தோல் ஷாப் பக்கமிருந்து அடித்தால் வேறொரு வாசனையும் வரும். வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பைத் தேடுவார்கள். நாங்கள் ஒரு வாய் பிரியாணியை உள்ளே தள்ளியபடி, "இன்னிக்கு டிரம் ஓடுது போல" என்போம். அந்த டிரம் ஓடினால்தான் எங்கள் வீட்டு அடுப்பும் எரியும்.

அப்பா ஒரு ஷூ அப்பர் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். அப்பர் என்றால், ஷூவில் அடியில் இருக்கிற சோலைக் கழித்துவிட்டால் மிச்சம் இருக்கிறதே, அது. எங்கள் ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார்கள். பெட்டியில் அடைத்து சோவியத் யூனியனுக்குக் கப்பல் ஏற்றுவார்கள். சோலை அங்கே ஒட்டிக்கொள்வார்கள். மாஸ்கோ பனியில் நடந்த எத்தனையோ கால்களுக்கு மேல் பாதி ஆம்பூர், கீழ்ப் பாதி ரஷ்யா.

இதில் ஒரு விசேஷம், டாலர் தொந்தரவே கிடையாது. 1950-களிலிருந்து இரண்டு சர்க்காருக்கும் ரூபாயில்தான் கணக்கு. அவர்கள் மெஷின் கொடுத்தார்கள், எண்ணெய் கொடுத்தார்கள். நாம் டீத்தூள், துணி, தோல் கொடுத்தோம். கூடவே 'சோவியத் நாடு' பத்திரிகை வேறு வரும். வழவழ பேப்பர். அதில் என்ன எழுதியிருந்தது என்று சத்தியமாகத் தெரியாது. நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட அதைவிட உசத்தியான காகிதம் உலகத்திலேயே கிடையாது என்பது மட்டும் தெரியும்.

1987-ல் சரக்கைச் சரிபார்க்க அங்கிருந்து ஒரு குழு வந்தது. அதில் ஒரு அம்மாள். அப்பாதான் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். மத்தியானம் பிரியாணி வாங்கி வைத்தார். அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டாள், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு சொம்பு. ஆனால், கடைசிப் பருக்கை வரை விடவில்லையாம். ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்த ரிக்கார்டு.

உறையில் ஒரு பாய்மரக் கப்பல், பெரிய அலை. எழுத்தெல்லாம் ரஷ்யன். அப்பா ஏற்கெனவே பெட்டிகளில் பார்த்துப் பார்த்து 'சி.சி.சி.பி.' என்று ஸ்டைலாகப் படிப்பார். அவர்கள் எழுத்தில் 'சி' மாதிரி இருப்பது 'எஸ்', 'பி' மாதிரி இருப்பது 'ஆர்', ஆக அது எஸ்.எஸ்.எஸ்.ஆர். என்பது எனக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இந்த லட்சணத்தில் ரிக்கார்டின் பேரை எங்கே படிக்க? படத்தைப் பார்த்து அப்பாவே ஒரு பேர் வைத்துவிட்டார்: 'கப்பல் பாட்டு'.

"கேக்கவே இல்லையே, எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டால், "ரஷ்யாக்காரன் பாட்டு. சோகமாத்தான் இருக்கும்" என்பார்.

* * *

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் என்ற தேசமே இல்லாமல் போனது. ரேடியோவில் கேட்டோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மேப்பில் அவ்வளவு பெரிய இடம் எப்படிக் காணாமல் போகும் என்பதுதான் என் கவலை. அப்பாவின் கவலை கொஞ்சம் வேறு. ஆர்டர் கொடுத்தவனே இல்லை, ரூபாய்க் கணக்கும் முடிந்தது, கட்டி வைத்த பெட்டிகள் கோடவுனில்.

அந்தக் கவலையை அவர் எங்களிடம் காட்டவில்லை. வழக்கம்போல காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். ராத்திரி திரும்புவார். எங்களுக்குக் கஞ்சியும் துவையலும் நடந்துகொண்டிருக்கும்போது கப்பல் கதை சொல்வார்.

"நம்ம சரக்கு மெட்ராஸ் ஆர்பர்ல ஏறிடுச்சு."

மறுநாள், "கொழும்பு தாண்டிடுச்சு."

அப்புறம் ஏடன். அப்புறம் செங்கடல். சூயஸ் கால்வாயில் நாலு நாள் க்யூ. நடுவில் ஒரு புயல். கேப்டன் பைப் பிடிக்கிறவன், ஒற்றைக் கண்ணன். சமையல்காரன் மட்டும் நம்ம வாணியம்பாடிக்காரன். நானும் அக்காவும் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு கப்பல் போகும் வழியெல்லாம் பென்சிலால் கோடு போடுவோம். எனக்கு ஜியாகிரபியில் எண்பத்தேழு மார்க் வந்த ரகசியம் இதுதான்.

மளிகைக் கடை பாய் வாசலில் வந்து நிற்பார். "இன்னா சார், மூணு மாசமாச்சு." அப்பா திண்ணையில் உட்கார வைத்து அவருக்கும் கப்பல் கதை சொல்வார். பாய் வந்த வேலையை மறந்து, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்பார். "நாளைக்கு வாங்க பாய், சொல்றேன்." பால்காரருக்கு ஒரு கதை, வீட்டுக்காரருக்கு ஒரு கதை. கப்பல் லெனின்கிராட் பக்கம் போனதும் அப்பா ஒரு போடு போட்டார்: "ஊர் பேரை பீட்டர்ஸ்பர்க்னு மாத்திட்டாங்க பாய். கப்பலுக்கு எங்க நிக்கிறதுன்னு தெரில. சுத்தினு கீது." பேர் மாறியது என்னவோ நிஜம். 1991 செப்டம்பரிலேயே மாற்றிவிட்டார்கள். கப்பல்தான்...

என் கிளாஸ் பையன் ஒருவன் சொன்னான். "உங்க அப்பா கம்பெனி பூட்டி ஆறு மாசமாச்சே. பேரணாம்பட்டுல தோல் மண்டியில உங்க அப்பா மூட்டை எண்ணினு இருக்காரு. எங்க மாமா பாத்துச்சு."

நான் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உப்புத் தோல் கட்டுகளுக்கு நடுவில், லுங்கியும் தலையில் துண்டுமாக, கையில் சாக்பீஸுடன் அப்பா. பேன்ட் சட்டை ஆணியில் தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி, "கேளுடா, இன்னிக்கு கப்பல்..." என்று ஆரம்பித்தார்.

"போதும்பா. எல்லாம் புளுகு" என்றேன்.

அவர் அப்படியே நிறுத்திவிட்டார். அக்கா என்னை முறைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கப்பல் கதை கிடையாது. நானும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் இல்லை. ஃபீஸ் கட்டணும், சாப்பாடு ஆச்சா, பஸ் எத்தனை மணிக்கு... இந்த மாதிரி. ஒரு வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் இதை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் தாராளமாக ஓட்டலாம். ஓட்டினோம்.

* * *

இப்போது நானும் ஒரு ஷூ கம்பெனியில்தான் குப்பை கொட்டுகிறேன். எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங். அப்பா கதையில் ஓட்டிய கப்பலை நான் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோகேஸைத் துடைத்துக்கொண்டிருந்த என் பெண், உறையின் மேல் செல்போனைக் காட்டினாள். அது ரஷ்ய எழுத்தைப் படித்துச் சொல்லிவிட்டது. ரிம்ஸ்கி-கோர்ஸகோவ், ஷெஹரஸாடே.

எனக்கு சிம்பொனி என்றால் நம்ம இளையராஜா 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் அரங்கேற்றினாரே, அதுதான். அதையும் பேப்பரில் படித்ததோடு சரி. அதனால், இந்த ரிம்ஸ்கி யார் என்று ஆபீஸில் ஷிப்பிங் பில் வரக் காத்திருந்த நேரத்தில் தேடிப் பார்த்தேன். பார்த்தால்... சார், நம்ம கேஸ்!

மனுஷன் முதலில் கடற்படை ஆபீசர். 1862-லிருந்து ஏறக்குறைய மூணு வருஷம் கப்பலிலேயே சுற்றியவர். 1871-ல், இருபத்தேழு வயசில், பீட்டர்ஸ்பர்க் சங்கீதக் கல்லூரியில் புரொபசராகக் கூப்பிட்டுவிட்டார்கள். இவருக்கோ பாட்டு போடத் தெரியுமே தவிர, பாடத்தில் இருக்கிற இலக்கணம் எதுவும் தெரியாது. என்ன செய்தார்? வேலையை ஒப்புக்கொண்டார். ராத்திரி படித்து, காலையில் போய் நடத்தினார். மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தார். இதை அவரே பிற்பாடு சுயசரிதையில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார். எக்ஸெல் தெரியும் என்று இன்டர்வியூவில் அடித்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மச்சானிடம் கற்றுக்கொண்ட நமக்கு இவரைப் பிடிக்காமல் போகுமா?

அவருடைய கூட்டாளிகளையும் கேளுங்கள். மொத்தம் ஐந்து பேர் கொண்ட செட். போரோடின், கெமிஸ்ட்ரி புரொபசர். லீவ் கிடைத்தால், அல்லது ஜுரம் வந்தால்தான் பாட்டு எழுத நேரம். முஸோர்க்ஸ்கி, சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வனத்துறையில்கூட இருந்திருக்கிறார். குயி, கோட்டை கட்டும் ராணுவ இன்ஜினீயர். பாலகிரெவ், தலைவர். அவரே கொஞ்ச காலம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்திருக்கிறார். உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் ரஷ்ய சங்கீதத்தில் ஒரு பெரிய பங்கு, ஐந்து மணிக்கு மேல் எழுதியது!

போரோடின் 1887-ல் இறந்தபோது, பதினெட்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு ஆபரா பாக்கி. அந்த பெண்டிங் ஃபைலை எடுத்து முடித்தவர்களில் ரிம்ஸ்கி முக்கியமானவர். அந்த வேலையின் நடுவில்தான் ஆயிரத்தொரு இரவுகள் கதையை வைத்து இசை எழுதலாம் என்று தோன்றியிருக்கிறது. 1888 கோடையில் எழுதி முடித்தார்.

கதை உங்களுக்குத் தெரியும். ஒரு சுல்தான். பெண்கள் மேல் நம்பிக்கை போய், தினம் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் தலையை வெட்டிவிடுகிறான். ஷெஹரஸாடே என்கிறவள் வந்து, ராத்திரி ஒரு கதை ஆரம்பித்து, விடியும்போது பாதியில் நிறுத்துகிறாள். மிச்சம் கேட்பதற்காக அவன் ஒரு நாள் தள்ளிப்போடுகிறான். இப்படியே ஆயிரத்தோரு ராத்திரி.

படித்துக்கொண்டே வந்தவன் இந்த இடத்தில் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டேன். மளிகைக் கடை பாய் திண்ணையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

* * *

பம்பாயில் நரிமன் பாயின்ட்டில் என்.சி.பி.ஏ. என்று ஒரு பெரிய கலை மையம் இருக்கிறது. அங்கே 2006-ல் 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' ஆரம்பித்தார்கள். குஷ்ரு சன்டூக் என்ற பார்ஸி பெரியவரும், கஜகஸ்தானைச் சேர்ந்த மராத் பிஸெங்கலியேவ் என்ற வயலின் கலைஞரும் சேர்ந்து. வாசிப்பவர்களில் பலர் கஜகஸ்தான் பக்கத்து ஆட்கள். பழைய சோவியத் பூமி! நான் தேடியபோது, செப்டம்பர் சீசனில் ஒரு நாள் ஷெஹரஸாடே இருந்தது. அக்கா வீடு செம்பூரில். வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. அப்பாவின் சம்மதம். டிக்கெட் விலையைச் சொன்னால் எழுபத்தேழு வயசில் அவருக்கு நெஞ்சு வலி வரும். அதனால், "மாமா ஆபீஸ்ல ஓசி பாஸ் குடுத்தாங்கப்பா. போகலைன்னா வீணாப் போய்டும்" என்றேன். ஓசி என்றால் அப்பா அன்டார்டிகாவுக்குக்கூட வருவார்.

ஜம்ஷெட் பாபா தியேட்டர். கண்ணாடி மாதிரி தரை. சென்ட் வாசனை. அப்பா வெள்ளை வேட்டி, ஆம்பூர் செருப்பு. யாரையும் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டே வந்தார். "இது கன்னுக்குட்டித் தோல். இது ரெக்ஸின், ஏமாத்திட்டான். டேய், அந்தாளு போட்டினு கீறது நம்ம ஊரு தையல்டா." அந்தாளு சங்கடமாகத் திரும்பிப் பார்த்தார்.

மேடையில் எண்பது பேர் இருப்பார்கள். ஓபோ என்கிற குழலில் ஒருவர் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்க, மற்றவர்கள் எல்லோரும் அதற்குச் சுதி சேர்த்தார்கள். "நம்ம ஒத்து நாயனம் மாதிரி" என்றார் அப்பா. முதல் பாதியில் வேறு என்னவோ வாசித்தார்கள். அப்பா கொஞ்சம் கண் அசந்தார். இடைவேளைக்குப் பிறகு கப்பல் பாட்டு.

எடுத்த எடுப்பில் பித்தளை வாத்தியங்கள் கட்டைக் குரலில் ஒரு அதட்டு அதட்டின. "இவன்தான்பா சுல்தான்" என்று காதில் சொன்னேன். அப்பா நிமிர்ந்தார். சத்தம் அடங்கியதும், ஒரே ஒரு வயலின். கூட ஹார்ப் மட்டும். மெல்லிசாக, உயரத்தில், சுற்றிச் சுற்றி. "இதுதான் அந்தப் பொண்ணு. கதையை ஆரம்பிக்கிறா."

அப்புறம் கடல். அடியில் செல்லோக்கள் ஏறி இறங்கி அலை அடிக்க, மேலே கப்பல் கிளம்புகிறது. ஸிந்துபாதின் கப்பல். நான் அட்லஸில் போட்ட பென்சில் கோடு கண்ணுக்குள் ஓடியது. கொழும்பு, ஏடன், செங்கடல்.

முதல் பகுதி முடிந்ததும் அப்பா பலமாகக் கைதட்டிவிட்டார். ஹால் முழுக்க அவர் ஒருவர்தான்! இந்தக் கச்சேரிகளில் நாலு பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். முன்வரிசை அம்மாள் திரும்பி முறைத்தாள். அப்பா அசரவில்லை. "நல்லா வாசிச்சா தட்டக் கூடாதாமா?"

இரண்டாவதில் பஸூன் என்று ஒரு நீளக் குழல், பக்கிரி வேஷம் போட்ட இளவரசன் கதையைச் சொன்னது. மூன்றாவது, இளவரசன்-இளவரசி காதல். அப்பாவின் விரல்கள் என் முழங்கை மேலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கதைக்கும் இடையில் அந்த வயலின் வந்துவிடும். 'இன்னும் முடியவில்லை, இருங்கள்' என்கிற மாதிரி.

நான்காவதில் பாக்தாத் திருவிழா. ஒரே கொண்டாட்டம். திடீரென்று மறுபடி கடல். இந்தத் தடவை புயல். டிரம்போன்கள் அலறுகின்றன. உச்சத்தில் ஒரு பெரிய சேகண்டி 'டொம்' என்று அடித்தது. கப்பல் பாறையில் மோதி உடைந்துவிட்டது.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆரம்பத்தில் அதட்டிய சுல்தானின் அதே ராகம். ஆனால், இப்போது தணிந்துபோய், தூக்கம் வந்தவன் மாதிரி. அதற்கு மேலே அந்த ஒற்றை வயலின். அவள் ஜெயித்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. சும்மா ஒரு ஸ்வரத்தை உயரத்தில் பிடித்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாக்கி, விட்டுவிட்டாள்.

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். தட்ட வேண்டிய நேரத்தில் அப்பா தட்டவில்லை. உட்கார்ந்தே இருந்தார்.

* * *

வெளியே வந்து மெரின் டிரைவ் சுவரில் உட்கார்ந்தோம். எதிரில் நிஜக் கடல். அப்பா ஒரு சுண்டல் பொட்டலத்தை முடிக்கும் வரை பேசவில்லை.

"நான் நெனச்ச மாதிரி சோகமா இல்லடா."

"ம்."

"டிக்கெட்டுல வெலை போட்டிருந்திச்சு. ஓசின்னு சொன்ன?"

மாட்டிக்கொண்டேன். "சொன்னா நீ வர மாட்டியேப்பா. அதான் ஒரு கதை..."

"அதான்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பதினாலு வயசில் புளுகு என்று சொன்னது என் நாக்கு. மண்டியில் மூட்டை எண்ணிவிட்டு, அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்து, கை காலில் உப்பைக் கழுவிக்கொண்டு, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அந்த மனுஷனிடம் என்ன இருந்தது? ஒரு கப்பல் இருந்தது. அதைத்தான் பரிமாறினார். பாய்க்கு மட்டுமில்லை, எங்களுக்கும் விடிய வேண்டியிருந்தது. பாய் கடைசிவரை கேட்டார். கம்பெனி மறுபடி திறந்து, அப்பா கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்தார். நடுவில் எழுந்து போனவன் நான் ஒருத்தன்தான்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. அதனால் வேறு ஒன்று கேட்டேன்.

"ஏம்ப்பா, லெனின்கிராட்டுல பேர் தெரியாம சுத்தினு இருந்துச்சே ஒரு கப்பல், அது அப்புறம் இன்னா ஆச்சு?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பொட்டலத்தைக் கசக்கி ஜேபியில் போட்டுக்கொண்டார். கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"அதுவா? அதுக்குள்ள அங்க கடலே உறைஞ்சு ஐஸாயிடுச்சு. நம்ம வாணியம்பாடிக்காரன் இன்னா பண்ணான் தெரியுமா..."

கடைசி லோக்கலுக்கு நேரமாகிவிட்டது என்று அக்காவிடமிருந்து நாலு போன். நான் எடுக்கவில்லை.